வெளிச்சம் எட்டும் ஆழம்

சோழவந்தானைச் சுற்றி வைகைத் தண்ணீரும் பெரியாறு வாய்க்காலும் பாயும் பூமியில் கண்ணுக்கு வரும் ஆபத்துகள் பெரும்பாலும் அற்பமானவை. அறுப்பில் தெறிக்கும் நெல் சுணை, களத்தில் காற்றோடு வரும் தூசி, கரும்புத் தோகையின் விளிம்பு, மாடு வீசும் வால், தென்னந்தோப்பில் இழுக்கும்போது முகத்தில் அடிக்கும் ஓலை நுனி: இவற்றில் ஏதோ ஒன்று கருவிழியில் மயிரிழைக் கீறல் போடுகிறது. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். நாலைந்து நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். புண் ஆறிய பிறகும் தழும்பு மறையாது. ஊரார் அதைக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகச் சொன்னது. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்கெனவே கண்ணில் அடிபட்டதாகச் சொன்னார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. குளிர் நாடுகளின் மருத்துவ நூல்களில் ஓர் ஓரத்தில் கிடக்கும் பூஞ்சைப் புண், இங்கே அன்றாட நோய்.

ஒளியால் தூண்டப்படும் மருந்துகளைப் பற்றிய கட்டுரையை இந்தக் கண்ணில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒளிபட்டால் மட்டும் வேலை செய்யும் சேர்மம், நோயுள்ள இடத்தில் மட்டும் நச்சாகி மற்ற இடத்தில் சும்மா இருக்கும் துகள் என்பவை கேட்க மிக அழகான கருத்துகள். ஆண்டுதோறும் ஆய்வுக்கூடங்களிலிருந்து புதுப்புதுச் சாயங்களும், பொன் துகள்களும், கரிமத் துளிகளும் வெளிவருகின்றன. எல்லாமே தட்டில் வளர்த்த செல்களைக் கொல்கின்றன. மனிதரிடம் வந்தபின் அவற்றில் தேறியவை விரல்விட்டு எண்ணும் அளவே. ஏன் என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில்களில் ஒன்று மதுரையில் கிடைத்தது. அது ஒரு தோல்வியின் வழியாகக் கிடைத்த பதில் என்பதால் அதிகம் பேசப்படவில்லை. இந்தத் துறையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சேர்மத்தின் புதுமையன்று என்பதே என் வாதம். ஒளி, சேர்மம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கிருமியோ கட்டியோ உண்மையில் குடியிருக்கும் ஆழத்தில் ஒரே நேரத்தில் கூடுகின்றனவா என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டால், பாதிக் கனவுகளைப் பணம் செலவழிக்கும் முன்பே மூடிவைக்கலாம். மீதிப் பாதியை இன்னும் தீவிரமாகத் தொடரலாம்.

வரலாறும் இந்தக் கணக்கையே சொல்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகள் ஒரு நாள் சீக்கிரமாகவும் இன்னொரு நாள் மெதுவாகவும் சாவதைக் கண்டு குழம்பி, வித்தியாசம் அறைக்குள் விழுந்த வெளிச்சத்தில்தான் என்று கண்டுபிடித்து 1900-இல் வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் டப்பைனர் 1903-இல் இயோசின் சாயம் பூசித் தோல் புற்றுக்கு ஒளி காட்டினார். அதே ஆண்டு, தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவை எல்லாம் தோல். இன்றுவரை ஒளி மருத்துவம் அசைக்க முடியாத இடம் பிடித்திருக்கும் நோய்களைப் பாருங்கள்: வெண்புள்ளி, சோரியாசிஸ், பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை, விழித்திரையின் சில கோளாறுகள், தோல் மேற்பரப்பின் ஆரம்பப் புற்றுகள். எல்லாமே வெளிச்சம் தானாக எட்டும் இடங்கள். காமாலைக் குழந்தையை நீல விளக்கின் கீழ் கிடத்துகிறோமே, அங்கே மருந்து என்று எதையும் கொடுப்பதுகூட இல்லை. குழந்தையின் தோலில் தேங்கிய பிலிருபினே ஒளியை உறிஞ்சி வடிவம் மாறி, எளிதாக வெளியேறும் பொருளாகிறது. 1958-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையிலிருந்து வந்த அறிக்கையில் தொடங்கிய இந்தச் சிகிச்சைதான், ஒளியும் சேர்மமும் சேர்ந்து செய்த வேலைகளிலேயே அதிக உயிர்களுக்கு உதவியது என்பது என் கணிப்பு. அதில் நானோவும் இல்லை, காப்புரிமைச் சாயமும் இல்லை.

நம் ஊர் வைத்தியத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி என்று கேட்டால் கிடைக்கும் கறுப்பு விதைதான், வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் காட்டும் பழைய முறையின் மூலம். அதிலிருந்து சோரலென் என்ற சேர்மத்தை 1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1940-களின் இறுதியில் எகிப்தின் எல் மோஃப்டி, அங்குள்ள வேறொரு செடியின் அதே குடும்பச் சேர்மத்தை வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் சோரலெனோடு புற ஊதா விளக்கைச் சேர்த்துச் சோரியாசிஸுக்கு ஒரு முறையே வகுத்தார்கள். இந்தியாவில் விளக்குக்குப் பதில் வெயிலையே பயன்படுத்தும் மலிவான வடிவமும் பரவியது. மதுரை வெயிலில் நிமிடம் தப்பினால் கொப்புளம்தான் என்பது தோல் மருத்துவர்களுக்குத் தெரியும். பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் 1,380 நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இச்சிகிச்சையை நிறையப் பெற்றவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்று கூடியது தெரிந்தது. இதற்கிடையே 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய பட்டை விளக்கு வந்தது. அதற்கு எந்த மருந்தும் விழுங்கத் தேவையில்லை. வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் இன்று பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். சேர்மத்தோடு கூடிய ஒளியை, சேர்மமில்லாத ஒளி பின்தள்ளிவிட்டது. சரியான அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கே மருந்தின் வேலையைச் செய்தது.

இப்போது கருவிழிக்கு வருவோம். கருவிழி கூம்பிப் போகும் கெரட்டோகோனஸ் நோய்க்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான சிகிச்சை ஒன்று உண்டு. முதல் முக்கியமான மருத்துவ முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. நோயாளியைப் படுக்க வைத்துச் சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கருவிழியின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுக்கிறார்கள். ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், சேர்ந்த மஞ்சள் சொட்டை அரை மணி நேரம் விட்டு விட்டு இடுகிறார்கள். பிறகு சுமார் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியை இன்னொரு அரை மணி நேரம் காட்டுகிறார்கள். வைட்டமின் ஒளியை வாங்கி ஆக்சிஜனைக் கிளர்த்துகிறது. அந்த ஆக்சிஜன் கொலாஜன் இழைகளுக்கு இடையே புதிய பிணைப்புகள் போடுகிறது. கருவிழி விறைத்து, மேலும் கூம்பாமல் நிற்கிறது. மலிவான சேர்மம், எளிய விளக்கு, நல்ல பலன். இதே கிளர்ந்த ஆக்சிஜன் கிருமியையும் கொல்லும் என்பதால், மருந்துக்கு அடங்காத கருவிழிப் புண்ணுக்கும் இதைக் காட்டிப் பார்க்கலாமே என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. ஒன்றிரண்டு நோயாளிகளிடம் கண்ட பலனை வைத்தே பல கட்டுரைகள் வந்தன.

மதுரை அரவிந்த் மருத்துவமனையில் இதைக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்தார்கள். ஆழமான பூஞ்சைப் புண்களில் செய்து 2015-இல் வெளியான முதல் ஆய்வு 13 பேரோடு நிறுத்தப்பட்டது. ஒளிச் சிகிச்சை பெற்ற பிரிவில் கருவிழி ஓட்டை விழுவது கூடுதலாக இருந்ததே காரணம். பிறகு சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து 111 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்து 2020-இல் முடிவு வந்தது. பூஞ்சைக்கான இரண்டு சொட்டு மருந்துகளை வைத்து, நாடாமைசின் மட்டும், நாடாமைசினும் ஒளியும், ஆம்ஃபோடெரிசின் மட்டும், ஆம்ஃபோடெரிசினும் ஒளியும் என நான்கு பிரிவுகள். ஒளி காட்டிய மறுநாள் புண்ணிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்ததில், பூஞ்சை முளைப்பது எவ்விதத்திலும் குறையவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பலகையின் முன் நிறுத்தியபோது, ஒளி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் மூன்று வரி குறைவாகவே படித்தார்கள். உதவவில்லை என்பதோடு முடியவில்லை, கெடுத்திருக்கிறது.

அதே சொட்டு, அதே விளக்கு, அதே கைகள். ஒரு நோயில் வெற்றி, மற்றதில் சேதம். காரணம் ஆழக் கணக்கில் இருக்கிறது. கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். ரைபோஃபிளேவின் புற ஊதா ஒளியை மேல் பாதியிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. கூம்பும் கருவிழியைக் கட்டிவைக்க அந்த மேல் பாதி போதும். சொல்லப்போனால், ஒளி அதற்குக் கீழே போய் உள்படலத்தின் செல்களைக் கொல்லாமல் இருப்பதே அங்கே பாதுகாப்பு. அதனால்தான் 400 மைக்ரானுக்குக் குறைந்த கருவிழிக்கு வழக்கமான முறையில் ஒளி காட்டக் கூடாது என்ற விதியும் வைத்தார்கள். பூஞ்சையின் இழைகளோ கீழ்நோக்கி இறங்குபவை. மேலே சீழும் செத்த திசுவும் மூடியிருக்க, உயிருள்ள நுனிகள் வெளிச்சம் வராத ஆழத்தில் இருக்கும். கிளர்ந்த ஆக்சிஜன் பிறந்த இடத்திலிருந்து ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போவதற்குள் செயலிழந்துவிடுகிறது. ஒளி நுழையாத இடத்தில் அது பிறப்பதும் இல்லை, போய்ச் சேர்வதும் இல்லை. இடையில், ஏற்கெனவே அழற்சியில் கரைந்துகொண்டிருக்கும் மேல்திசுவுக்கு அடி விழுகிறது. கிருமிக்கு எட்டாத ஒளி நோயாளியின் செல்லுக்கு மட்டும் எட்டுகிறது.

இதற்கு முதல் மறுப்பு நியாயமானதே: ஆய்வில் வந்தவர்கள் முற்றிய நிலையில் வந்தவர்கள், மேலோட்டமான புண்ணில் ஒளி உதவியிருக்கலாமே? இருக்கலாம். ஆனால் மேலோட்டமான புண்ணுக்குப் பழைய சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்கிறது. அரவிந்த் மையங்களில் 323 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், 1950-களில் கண்டுபிடித்த நாடாமைசின், புதிய வோரிகோனசோலைத் தெளிவாக வென்றது. நம் பகுதியில் அதிகம் காணப்படும் ஃபியூசேரியம் பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் பெரிது. அப்படியானால் ஒளி தேவைப்படுவது சொட்டு மருந்து தோற்கும் ஆழமான புண்ணில். ரைபோஃபிளேவினும் தோற்பது சரியாக அங்கேதான். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஆரம்பப் புண்ணில் பயன்படும் என்று சொல்வது, தேவையில்லாத இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது போல. கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் காலத்தில், ஒளிக்கு எதிர்ப்பு வளர்ப்பது கடினம் என்ற இரண்டாம் மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன். கிளர்ந்த ஆக்சிஜன் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைப்பதில்லை, கண்டதையெல்லாம் எரிக்கிறது. ஆனால் எரிப்பது நோயாளியின் திசுவையும்தான். ஆகவே எதிர்ப்பைப் பற்றிய வாதமும் கடைசியில் ஆழத்தைப் பற்றிய கேள்வியாகவே திரும்பி வருகிறது.

நானோ துகள்கள் இந்த ஆழத்தை வெல்லும் என்பதுதான் மூன்றாவது, மிகப் பெரிய மறுப்பு. சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளி திசுவில் புற ஊதாவைவிடப் பல மடங்கு ஆழம் போகும். அதை உறிஞ்சிச் சூடாகும் பொன் துகளையோ, அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிப் பக்கத்துச் சாயத்துக்குக் கொடுக்கும் துகளையோ கட்டிக்குள் அனுப்பினால் போதும் என்கிறார்கள். இயற்பியல் சரி. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலாஸும் ஜெனிஃபர் வெஸ்டும் உருவாக்கிய பொன் போர்த்திய சிலிக்கா துகள்கள் 2003-இல் எலிகளின் கட்டிகளைச் சுட்டழித்தன. ஆண்களின் புராஸ்டேட் புற்றில் முதல் மனித ஆய்வு வெளியானது 2019-இல், 16 பேரிடம். இடைப்பட்ட 16 ஆண்டுகளைவிட முக்கியமானது சிகிச்சை நடந்த விதம்: ஒளியை வெளியிலிருந்து காட்டவில்லை, ஒளியிழையை ஊசி வழியாகப் புராஸ்டேட்டுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஜப்பான் 2020-இல் நிபந்தனையோடு அனுமதித்த தலை, கழுத்துப் புற்றுக்கான ஒளி-எதிர்ப்புரதச் சிகிச்சையும் இதே வழிதான். ஹிசதாகா கோபயாஷியின் குழு வடிவமைத்த அந்த மருந்தில் சாயத்தை எதிர்ப்புரதம் புற்றுச் செல்லிடம் சேர்க்கிறது. 690 நானோமீட்டர் ஒளியைத் தேவையான இடத்தில் இழை சேர்க்கிறது. இவை ஓரளவேனும் வெற்றிபெறுவது, ஒளியை நோயிடம் கையைப் பிடித்து அழைத்துப்போவதால். துகளே ஒளியை ஆழத்துக்கு இழுத்துவரும் என்ற நம்பிக்கை மனிதரிடம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

துகள் போய்ச் சேர்வதும் அவ்வளவு உறுதியில்லை. பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி டொராண்டோவின் வாரன் சான் குழு 2016-இல் போட்ட கணக்கில், ரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது இடைநிலை அளவில் 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கும் எலிகளுடையது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தியின் குழு ஒளியால் தூண்டப்படும் உலோகச் சேர்மங்களிலும், திருவனந்தபுரத்தில் ராமையாவின் குழு ஸ்குவரைன் சாயங்களிலும் பல்லாண்டு உழைத்திருக்கின்றன. வேதியியலாக அவை தரமானவை. செல்களைக் கொன்ற அளவோடு, எத்தனை மில்லிமீட்டர் உயிருள்ள திசுவுக்கு அடியில் கொன்றது என்ற எண்ணையும் ஒவ்வொரு கட்டுரையும் தந்தாக வேண்டும் என்று ஆய்வு நிதி தருபவர்கள் கேட்டால், அந்த உழைப்புக்கே மரியாதை கூடும். நானோவை நான் ஒதுக்கவில்லை. ஒளியை உறிஞ்சுவதைவிட, நாடாமைசின் போலக் கருவிழிக்குள் எளிதில் இறங்காத மருந்தைச் சுமந்துபோகும் வேலைக்கு அது அதிகம் பயன்படும் என்பதே என் மதிப்பீடு.

ஏழை நாட்டுக்கு எதற்கு லேசர் என்ற மறுப்பும் கேட்கிறது. அதை ஏற்க முடியவில்லை, ஏனெனில் இந்தியாவிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் தய்யபா ஹசன், ஜோனதன் செல்லி குழுக்களும் சேர்ந்து, லேசருக்குப் பதில் எல்.இ.டி. விளக்கையும், கட்டியின் எல்லையைக் காட்ட ஸ்மார்ட்போன் கேமராவையும் வைத்துக் கன்னத்தின் உட்புறப் புற்றுக்குச் சிகிச்சை வடிவமைத்தன. நோயாளி அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கிறார். புற்றுச் செல்லே அதை ஒளிச் சாயமாக மாற்றிக்கொள்கிறது. 635 நானோமீட்டர் சிவப்பு ஒளியை வாய்க்குள் காட்டுகிறார்கள். ஆரம்ப நிலைப் புற்றுள்ள 30 பேர் சேர்ந்து, முடித்த 29 பேரில் 22 பேருக்குக் கட்டி முழுமையாகக் கரைந்தது. இது சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு பிரிவும் இல்லை. ஆனால் வாய்க்குள் வெளிச்சம் எட்டும். ஆரம்பக் கட்டி மில்லிமீட்டர்க் கணக்கில்தான் இருக்கும். ஆக்சிஜன் நிறைந்த இடம். மூன்று நிபந்தனையும் கூடுகிற நோய் இது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் ஊரான சோழவந்தானுக்கும் இது நெருக்கமான செய்திதான். வெற்றிலைமீது பழி போட வேண்டாம், பாக்கும் புகையிலையும்தான் புற்றுக்குக் காரணம். இத்தகைய சிகிச்சை தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒப்பீட்டுப் பிரிவோடு சோதிக்கப்படுவதை நான் மனதார விரும்புவேன். அதில் சாயத்தின் தேர்வும் முக்கியம். அமினோலெவுலினிக் அமிலம் ஓரிரு நாளில் உடலைவிட்டுப் போய்விடும். ஃபோட்டோஃப்ரின் என்ற பழைய சாயத்தை ஏற்றினால் நாலைந்து வாரம் வெயில் படாமல் இருக்க வேண்டும். நாற்று நடப் போகும் பெண்ணிடம் அதைச் சொல்வது, ஒரு மாதக் கூலியைக் கேட்பதற்குச் சமம்.

கண்ணுக்குத் திரும்பினால், ஒளியும் சேர்மமும் நிச்சயமாகக் கூடும் ஓர் இடம் கிராமத்திலேயே இருக்கிறது. ஃபுளோரசின் தடவிய காகிதக் கீற்றைக் கீழிமையின் உட்புறம் தொட்டு, நீல டார்ச் அடித்தால் கருவிழிக் கீறல் பச்சையாகச் சுடர்விடும். ஓர் ஊர்ப் பணியாளர் ஒரே நிமிடத்தில் செய்யும் வேலை. மதுரை மாவட்டத்தில் சுமார் 48,000 மக்களை ஒன்றரை ஆண்டு தொடர்ந்து, இப்படிக் கீறல் கண்டவர்களுக்கு மூன்று நாள் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சிக்கலின்றி ஆறிவிட்டது. இதற்கும் மறுப்பு உண்டு. நேபாளத்தில் இதே முறையைப் பெரிய அளவில் ஊர் ஊராகப் பிரித்துச் சோதித்து 2022-இல் வெளியிட்டபோது, சேவை இருந்த ஊர்களில் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. கீறல் பட்டவர்களில் பலர் பணியாளரிடம் உடனே வந்து சேர்வதில்லை என்பதே அதற்கு எனக்குப் படும் விளக்கம். வந்தவருக்குக் களிம்பு உதவுகிறது. வராதவருக்கு எந்தச் சாயமும் உதவாது. அறுப்புக் காலத்தில் கூலி போகாமல் பணியாளரைக் களத்துக்கே அனுப்புவது எப்படி என்பது வேதியியல் கேள்வியல்ல என்றாலும், அதைத் தீர்த்தால் கிடைக்கும் பார்வை அதிகம்.

அதற்காக ஆழமான புண்ணில் ஒளியைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ரைபோஃபிளேவினுக்குப் பதில் ரோஸ் பெங்கால் சாயமும் பச்சை ஒளியும் என்ற முறையை மயாமியின் பாஸ்கம் பால்மர் நிறுவனம் வளர்த்தெடுத்தது. அதைச் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வில் அரவிந்தும் பங்கேற்றது. ஆய்வுக்கூடத் தட்டில் ரோஸ் பெங்கால் பூஞ்சையை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் அது கருவிழிக்குள் இறங்கும் ஆழம் சுமார் 100 மைக்ரான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எனவே இத்தகைய ஆய்வு எதிலும், நோயாளியைச் சேர்க்கும் நாளிலேயே புண்ணின் ஆழத்தை ஸ்கேனில் அளந்து, 100 மைக்ரானுக்கு உட்பட்டவர்களையும் தாண்டியவர்களையும் தனித்தனியாகவும், ஃபியூசேரியத்தையும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற மற்றொரு பூஞ்சையையும் தனித்தனியாகவும் கணக்கிட வேண்டும். எல்லாரையும் ஒரே சராசரியில் கலந்தால், மேலோட்டமான புண்ணில் கிடைத்த பலனும் ஆழமான புண்ணில் நேர்ந்த சேதமும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.